அக்கா சிலைக்கு நான் போட்ட மாலை

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு சிலை இருக்கிறது. வெள்ளைக்காரன் எல்லாம் வரிசையில் நின்று படம் எடுக்கிறான். அதைச் செய்தது நான்தான்.

பொய். செய்தது ஒரு சீனப் பெண். நான் லாரியிலிருந்து தூக்கி இறக்கினேன். அதுவும் கால் பக்கம் மட்டும். தலைப் பக்கத்தை டிரைவர் அண்ணன் பிடித்துக்கொண்டார். என்னிடம் கொடுத்தால் மூக்கை உடைத்துவிடுவேன் என்று அவருக்குப் பயம்.

நான் லாரி கெலின்டான். டிரைவர் ஓட்டுவார். நான் ஏற்றுவேன், இறக்குவேன், லாரி பின்னால் வரும்போது கையைக் காட்டிக் கத்துவேன். தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு வரைக்கும் போனேன். அதற்குப் பிறகு வாத்தியாரும் என்னைத் தேடவில்லை, நானும் அவரைத் தேடவில்லை. இதை எழுதுவது என் வீட்டுக்காரி. நான் சொல்லச் சொல்ல அவள் கைப்பேசியில் தட்டுகிறாள். நான் பேசுகிறபடியே போட்டால் மானம் போய்விடும் என்று அவளே திருத்திக்கொள்கிறாள்.

சிலையில் இருப்பது ஒரு அக்கா. சொந்த அக்கா இல்லை. லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பழைய கடைவீட்டின் அஞ்சடியில் உட்கார்ந்து இடியப்பம் விற்றவர். அஞ்சடி என்றால் கடைக்கு முன்னால் அஞ்சு அடிக்குக் கூரையோடு விட்டிருக்கும் நடைபாதை. காலையில் அங்கேதான் அடுப்பு எரியும். மேல் மாடியில் ஒரு அறையில்தான் குடியிருப்பு. முப்பது வருஷம். புருஷன் அந்த அறையில்தான் இறந்தார். பிள்ளை இல்லை.

கடைவீட்டை யாரோ வாங்கினார்கள். ஓட்டல் வரப்போகிறது, எல்லோரும் காலி செய்யுங்கள் என்றார்கள். சாமான் ஏற்றுகிற வேலை எங்கள் லாரிக்கு வந்தது. ஓட்டல்காரன்தான் வாடகை கொடுத்தான். ஆக, அக்காவைத் தெருவிலிருந்து கிளப்பியவர்களில் நானும் ஒருவன். ஆள் பார்க்க மாடு மாதிரி இருந்தாலும் அன்றைக்கு எனக்குக் கட்டில் கால் கனத்தது.

முப்பது வருஷத்துச் சாமான் லாரியில் பாதிகூட நிறையவில்லை. அக்கா முன்னால் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தார். மடியில் இடியப்ப அச்சு. பின்னால் வைக்கிறேன் என்றேன், கொடுக்கவில்லை.

ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட்டில் ஒன்பதாவது மாடியில் ஒரு வீடு காலியாக இருந்தது. நான்தான் சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் செய்த ஒரே உருப்படியான காரியம். அதிலும் லிஃப்ட் பாதி நாள் ஓடாது.

அக்காவுக்கு அப்போது ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. பழைய இடத்துக்கு இரண்டு கடை தள்ளி ஒரு கோப்பிக்கடை. அதன் முதலாளியான சீனத் தவுக்கே தன் கடைக்குள் மீ என்கிற நூடுல்ஸ் விற்கிறவன், சோறு விற்கிறவன் என்று ஆளுக்கொரு இடம் வாடகைக்கு விட்டிருந்தார். தினம் அக்காவிடம் இடியப்பம், அவர் பாஷையில் புட்டு மாயாம், வாங்கிச் சாப்பிட்டவர். காலி பண்ணுகிற அன்றைக்கு வாசலில் வந்து நின்றார். அவருக்கு நம் பாஷை கொஞ்சம் உடைந்து வரும்.

"அச்சி, அந்த மீ கிழவன் பெருநாளோட நிப்பாட்டுது. அந்த இடம் உனக்குத்தான். நான் சொல்லியாச்சி."

"சத்தியமாவா தவுக்கே?"

"நான் பொய் சொல்லுமா? உன் புட்டு மாயாம் இல்லாம எனக்குக் காலையில கோப்பி இறங்காது லா."

பேப்பர் இல்லை, கையெழுத்து இல்லை. அக்காவும் கேட்கவில்லை. சீனப் பெருநாள் முடியட்டும் என்று ஒன்பதாவது மாடியில் காத்திருந்தார்.

அதற்குள்தான் அந்தச் சீனப் பெண் வந்தாள். தெருவிலிருந்து கிளப்பப்பட்டவர்களைச் சிமெண்டில் செய்து, அவரவர் விட்டுப்போன வாசலிலேயே கொண்டுபோய் வைப்பதுதான் அவள் வேலை. ஒரு தெருவில் சிமெண்டுப் பாய் சுருட்டியபடி ஒரு கிழவர். இன்னொரு தெருவில் பானை சட்டியோடு ஒரு குடும்பம். அக்காவை நாலு நாள் வந்து படம் பிடித்தாள், அளவு எடுத்தாள். அக்காவுக்கு வெட்கம் கலந்த சந்தோஷம். "என் மூஞ்சிய எதுக்குடி நீ இப்பிடிப் பாக்குற" என்று அவளைத் திட்டிக்கொண்டே முடியைச் சரி பண்ணிக்கொண்டார்.

சிலை ஏற்றுகிற வேலையும் எங்கள் லாரிக்கே வந்தது. ஆளைக் கொண்டுபோன அதே லாரியில் ஆளின் சிமெண்டைத் திரும்பக் கொண்டுவந்தோம்.

இறக்கி வைத்த பிறகுதான் விஷமம் புரிந்தது. அந்தப் பெண் சிலையைத் தெருப் பக்கம் பார்த்து வைக்கவில்லை. ஓட்டல் வாசலைப் பார்த்து, நட்டநடுவில் வைத்தாள். உள்ளே போகிறவன் அக்காவைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். மடியில் அச்சு. ஒரு கை அச்சின் மேல். இன்னொரு கை முன்னால் நீண்டிருந்தது, உள்ளங்கை மேலே பார்த்தபடி.

"கை எதுக்கு நீட்டிருக்கு?" என்று மலாயில் கேட்டேன்.

"சாவி கேட்குது" என்றாள்.

ஓட்டல் மேனேஜர் ஓடிவந்து கத்தினான். அந்தப் பெண் நகராண்மை கொடுத்த அனுமதிக் கடிதத்தைக் காட்டினாள். கூட்டம் கூடிவிட்டது. துணிக்கடைப் பெரியவர் ஒருவர், "வர்றவன் போறவனுக்கு நம்ம ஊர் அசிங்கத்தக் காட்டணுமா?" என்றார். பக்கத்தில் நின்ற டாக்சிக்காரர், "காட்டாம இருந்தா அசிங்கம் இல்லாம போயிருமா அண்ணே?" என்றார். இரண்டு பேரும் முட்டிக்கொள்வதற்குள் எங்களுக்கு அடுத்த லோடு வந்துவிட்டது.

இரண்டு வாரத்தில் மேனேஜர் மாறிவிட்டான். ஓட்டலில் தங்குகிறவன் எல்லாம் முதல் வேலையாக அக்காவோடு படம் எடுக்கிறான் என்று தெரிந்ததும் கத்துவதை விட்டான். இரண்டு பக்கமும் பூந்தொட்டி வைத்தான். மேலே ஒரு விளக்கும் போட்டான். மூஞ்சிக்கு நேரே சாவி கேட்கிறது சிலை. இவன் அதற்கு அலங்காரம் பண்ணுகிறான். என்னைவிடப் பெரிய கோமாளி என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பொறுக்காதது வேறு. நீட்டிய கையில் சில்லறை போட ஆரம்பித்தார்கள். மிட்டாய்த் தாள் போட்டார்கள். ஒரு நாள் நான் அந்தப் பக்கம் லோடு இறக்கப் போனபோது, கடித்த கறிபாப் ஒன்று அந்தக் கையில் இருந்தது. எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

அக்கா அந்தச் சமயம் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். சர்க்கரை. காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். எழுந்து வந்து இதைப் பார்த்தால் என்ன ஆகும்? முப்பது வருஷம் உழைத்துச் சாப்பிட்டவரைப் பிச்சைக்காரி என்று நினைத்துவிட்டார்களே. இவர் மரியாதையான ஆள் என்று ஊருக்குக் காட்டவேண்டும் என்று தோன்றியது. மூளை என்று ஒன்று இருந்தால் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன். எனக்கு உடனே மாலைதான் ஞாபகம் வந்தது.

பூக்கடைக்குப் போனேன்.

"சாமிக்கா தம்பி, ஆளுக்கா?" என்றார் கடைக்காரர்.

"ஆளுக்குத்தான். பெருசா குடுங்க."

"என்ன விசேஷம்?"

"மரியாதைண்ணே."

ரோஜாவும் சம்பங்கியும் வைத்துக் கட்டின மாலை. கூடவே ஒரு பொட்டலம் சந்தனம் வாங்கினேன். கறிபாப்பைத் துடைத்தேன். கையைக் கழுவிவிட்டேன். மாலையைப் போட்டு, நெற்றியில் சந்தனத்தை வைத்துவிட்டு, நாலு எட்டு தள்ளி நின்று பார்த்தேன். அக்கா மகாராணி மாதிரி இருந்தார். சில்லறை போட வந்த ஒரு வெள்ளைக்காரி மாலையைப் பார்த்ததும் காசைப் பையில் போட்டுக்கொண்டு கும்பிட்டாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

சாமிக்கு மாலை தெரியும். கல்யாணத்துக்கு மாலை தெரியும். கோயிலுக்கு ஒய்.பி., அதான் தொகுதி எம்.பி., வந்தால் போடுகிற மாலை தெரியும், ஒரு தரம் நானே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். இன்னொரு மாலை இருக்கிறது என்பது மட்டும் அன்றைக்கு என் மண்டையில் இல்லை.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"சந்தனமுமா வெச்ச?"

"ஆமா."

"அந்தச் செவுத்தப் பாரு."

பார்த்தேன். என் அப்பா படம். நெற்றியில் சந்தனம், கழுத்தில் மாலை.

"உசுரோட இருக்கற மனுசிக்குப் போயி இந்த வேலையப் பண்ணிட்டு வந்திருக்கியே. நீ சோறுதானே திங்கிற?"

அன்றைக்கு அப்பா படத்திலிருந்து என்னைப் பார்த்த பார்வையை நான் உயிரோடு இருந்த அப்பாவிடமே வாங்கியதில்லை.

காலையில் போய் எடுத்துவிடலாம் என்று இருந்தேன். காலையில் முதலாளி எங்களை அலோர் ஸ்டாருக்கு அனுப்பிவிட்டார். ஒரு தொழிற்சாலைச் சாமான். நாலு நாள். திரும்பி வந்து நேராகச் சிலைக்குத்தான் போனேன்.

என் மாலை வாடியிருந்தது. அதன் மேல் புதிதாக மூன்று மாலை. காலடியில் அகல் விளக்கு. பக்கத்தில் மணல் டின்னில் சீன ஊதுபத்தி, இரண்டு ஆரஞ்சு, ஒரு கப் கோப்பி. சர்க்கரை இல்லாத கறுப்புக் கோப்பி. அக்கா குடிக்கிறது அதுதான். இரண்டு கடை தள்ளியிருந்து யார் கொண்டுவந்து வைத்திருப்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று தெருவுக்குத் தெரியும். அதோடு சிலையின் கீழே நாலு பாஷையில் ஒரு பலகை. என் வீட்டுக்காரி பிறகு படித்துச் சொன்னாள்: இவர் இங்கே முப்பது ஆண்டுகள் இடியப்பம் விற்றார். விற்றார் என்று போட்டு, நெற்றியில் சந்தனமும் வைத்தால் ஊர் வேறு என்னதான் நினைக்கும்?

அங்கே ஒரு வயசான அம்மா கும்பிட்டுக்கொண்டு நின்றார். தினம் அக்காவிடம் பத்து இடியப்பம் வாங்குகிறவர். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு கையைப் பிடித்தார்.

"எப்பப்பா ஆச்சு? எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்லையே."

இல்லம்மா, உயிரோடுதான் இருக்காங்க, மாலை போட்ட மடையன் நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"கஷ்டப்படாம போனாங்களா?" என்றார் அதற்குள். கண் எல்லாம் தண்ணீர்.

"கஷ்டப்படலம்மா" என்று சொல்லிவிட்டேன்.

எதற்கு அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. ஊர்ப்பட்ட ஜோக் அடிக்கிற வாய் இது. வேண்டிய இடத்தில் பிணம் மாதிரி விறைத்துவிட்டது. மாலையைத் தொடாமல் வந்துவிட்டேன்.

பெருநாள் வந்தது, போனது. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். காலில் கட்டுப் பிரித்ததும் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார்.

"தம்பி, தவுக்கேயப் பார்த்துட்டு வருவோம் வா. மீக்காரர் போயிருப்பாரு."

பஸ் ஏறினோம். போகிற வழியெல்லாம் அடுப்பை எந்தப் பக்கம் வைப்பது, தேங்காயை எங்கே துருவுவது என்று பேசிக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கோப்பிக்கடைக்குள் அக்கா காலை வைத்ததும் தவுக்கே கையிலிருந்த கிளாஸ் கல்லா மேசையில் சாய்ந்தது. கோப்பி ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் துடைக்கவில்லை.

"அச்சி. நீ செத்துப் போச்சி."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்லுது. நான் ஊதுபத்தி வெச்சாச்சி. தினம் கோப்பி வெச்சாச்சி."

மீ கிழவனின் இடத்தில் ஒரு சின்ன வயசு ஜோடி வாஃபல் சுட்டுக்கொண்டிருந்தது. அக்கா அங்கே பார்த்தார். தவுக்கேயும் பார்த்தார்.

"ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சி" என்றார் தவுக்கே. தலையைத் தூக்கவே இல்லை. "நீ இருக்குதுன்னு தெரிஞ்சா நான் குடுக்குமா?"

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் காலியாக இருந்த ஒரு மூலையைக் காட்டினார்.

"அதக் குடுங்க. அது போதும்."

தவுக்கேவுக்குச் சம்மதம்தான். அவர் சம்சாரம் சமையல் கட்டிலிருந்து வந்தார். அந்த அம்மாவுக்கு நம் பாஷை தெரியாது. மலாயில் பேசினார், குரலை உயர்த்தாமல், அக்காவின் முகத்தைப் பார்க்காமல். செத்தவர் என்று ஊதுபத்தி காட்டியாகிவிட்டது. அந்த ஆளையே திரும்பக் கடைக்குள் வைத்துச் சமைக்கவிட்டால் துரதிர்ஷ்டம், சுவேய். கடை படுத்துவிடும். ஒரே ஒரு வழி இருக்கிறது. முதல் மாலை போட்டவன் வரவேண்டும். உயிரோடு இருக்கிறவருக்குத்தான் போட்டேன் என்று தன் வாயால் சொல்லி, தன் கையால் எடுக்கவேண்டும். அப்புறம் பூத்தண்ணீர் தெளித்துக் கழுவிவிடலாம்.

"மொத மாலைய எவன் போட்டான்?" அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ இங்கயேதானே தம்பி லோடு எறக்கிக்கிட்டுத் திரியற. உனக்குத் தெரியாதா?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். தவுக்கே நிற்கிறார், சம்சாரம் நிற்கிறார், அக்கா கேட்கிறார். இதைவிட நல்ல நேரம் எவனுக்கும் கிடைக்காது.

"டூரிஸ்ட் எவனாச்சும் இருக்கும்க்கா" என்றேன்.

வெளியே வந்ததும் அக்கா நேராகச் சிலையிடம் போனார். அதற்கு முன்னால் அவர் அதைப் பார்த்ததில்லை. வாடின மாலை, சாம்பல், ஆறின கோப்பி. தன் மூஞ்சியைத் தானே ரொம்ப நேரம் பார்த்தார். கால் வலித்திருக்கவேண்டும், மெதுவாக ஓட்டல் படியில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து சட்டையில் பெயர் குத்தின ஒரு பெண் வந்தாள்.

"ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? கெஸ்ட் போட்டோ எடுக்கணுமாம்."

அக்கா எழுந்துகொண்டார். அந்தப் பெண்ணுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. சிலைக்கும் ஆளுக்கும் நடுவில் இரண்டு முழம்கூட இல்லை.

"இதுக்குத் தினம் காப்பி வெக்கிறாங்க" என்றார் அக்கா பஸ் நிறுத்தத்தில். "எனக்கு ஒரு அடுப்பு வெக்க எடம் இல்ல."

இதெல்லாம் நடந்து மூன்று வாரம் ஆகிறது. அக்கா தெருத்தெருவாகப் போய் விசாரித்துவிட்டார். துணிக்கடையில் கேட்டார், நகைக்கடை வாச்மேனிடம் கேட்டார். கேமரா இருக்கிறதா என்று ஓட்டலிலேயே போய்க் கேட்டார். ஒவ்வொரு தரமும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போவது என்னைத்தான். திருடனையே கூட்டிக்கொண்டு திருடனைத் தேடுகிறார். நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, நானும் தேடுகிற மாதிரி மூஞ்சியை வைத்துக்கொள்வேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது.

ஒன்பதாவது மாடியில் நாலு வீட்டுக்கு இடியப்பம் பிழிந்து கொடுத்து எத்தனை நாள் ஓட்டுவார்? போன வாரத்திலிருந்து மருந்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுகிறார் என்று என் வீட்டுக்காரி கண்டுபிடித்துவிட்டாள். அதிலிருந்து என்னோடு அவள் சரியாகப் பேசுவதில்லை. இதைத் தட்டிக் கொடுக்க ஒத்துக்கொண்டதே, நான் யாரிடமாவது ஒரு தடவை முழுசாகச் சொல்லிப் பழகட்டும் என்றுதான்.

நான் முயற்சியே பண்ணவில்லை என்று நினைக்கவேண்டாம். முந்தாநாள் பஸ்ஸில் ஆரம்பித்தேன். பக்கத்தில் அக்கா, மடியில் பையை வைத்துக்கொண்டு. பஸ்ஸில் கூட்டம் இல்லை. மூன்று நிறுத்தம் வரைக்கும் தொண்டையைச் செருமினேன். அக்கா திரும்பி, "என்ன தம்பி, சளியா?" என்றார். இல்லக்கா என்றேன். அந்த மாலை விஷயம், என்றேன். அக்கா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே

"தம்பி."

அக்காதான். இப்போது, எங்கள் வீட்டு கிரில் கதவுக்கு வெளியே நிற்கிறார். அதே நல்ல சேலை.

"லிஃப்டு இன்னிக்கும் ஓடலப்பா, எறங்கியே வந்துட்டேன். கெளம்பு, பஸ் வந்துரும். தவுக்கே சம்சாரம் இன்னிக்கு முடிவு கேட்டிருக்கு. வேற ஒருத்தன் அந்த மூலைய வந்து பாத்துட்டுப் போயிருக்கானாம். ஆளு கெடைக்கலன்னு சொல்லிட்டு வந்துருவோம். தனியா போயி நிக்க எனக்கு ஒரு மாதிரி இருக்கு, நீ கூட வா."

என் வீட்டுக்காரி தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறாள். விரல் மட்டும் தட்டிக்கொண்டே இருக்கிறது.

"வரேங்க்கா. செருப்பு மாட்டிக்கிறேன்."